பூத்து நிற்கும் செடிக்குள் வாடல் நோய்

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பசுமைக்குடில் ஒன்றில், 'ஃபேன்டசியா பிங்க் ஃப்ளேர்' என்ற ஜெரேனியம் ரகத்தில் ரால்ஸ்டோனியா பாக்டீரியா இருப்பது உறுதியானது. குவாத்தமாலாவிலிருந்து வந்த செடிகள் அவை. அந்த ரகமோ, அதோடு கலந்திருந்த செடிகளோ போய்ச் சேர்ந்த குடில்களைத் தேடியபோது 44 மாநிலங்களில் சுமார் 650 குடில்கள் தேறின. 2003லும் இப்படி நடந்தது. அப்போது செடிகள் கென்யாவிலிருந்து வந்தவை.

ஒரு பூந்தொட்டிக்காகவா இத்தனை பாடு? உருளைக்கிழங்குக்காக. அந்தச் செடிகளில் இருந்த, 'ரேஸ் 3 பயோவார் 2' எனப்படும் ரால்ஸ்டோனியா வகை கிழங்கைப் பழுப்பாக அழுக வைக்கும், குளிரையும் தாங்கும். அனுமதியின்றிக் கையாளக்கூடாத ஆபத்தான கிருமிகளின் பட்டியலில் ஆந்த்ராக்ஸோடு இதையும் அமெரிக்கா வைத்திருக்கிறது.

வேர் வழியாக நுழையும் பாக்டீரியா, நீர் ஏறும் குழாய்களில் பெருகிப் பிசின் போன்ற கோழையால் அவற்றை அடைக்கிறது. வெயில் ஏறினால் செடி வாடிக் காட்டிக்கொடுத்துவிடும். குளிர்ச்சியான இடத்திலோ, கிருமியைச் சுமந்துகொண்டே பச்சைப் பசேலென்று பூக்கும். பண்ணையில் இப்படி நிற்கும் தாய்ச்செடியில் வெட்டிய தண்டுகள்தான், வேறு நாட்டில் நட்டு வளர்க்க விமானம் ஏறுகின்றன.

வாடிய செடியில் கண்டுபிடிப்பது எளிது. தண்டை நறுக்கித் தெளிந்த நீரில் பிடித்தால், வெட்டுவாயிலிருந்து பால்போல வெண்ணிழை இறங்கும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற பட்டைகளும் உண்டு. அவை ரால்ஸ்டோனியா இருக்கிறது என்று சொல்லுமே தவிர எந்த வகை என்று சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் பி.சி.ஆர். சோதனை வேண்டும். வாடாத செடியில் கிருமி குறைவு, பரவலும் சீரில்லை. இலையைக் கிள்ளி அனுப்பினால் 'இல்லை' என்றே பதில் வரலாம். மண்ணை ஒட்டிய அடித்தண்டிலிருந்து எடுப்பதே நல்லது.

சோதனை துல்லியமாகவே இருந்தாலும் எண்ணிக்கை இடிக்கிறது. நூற்றில் ஒரு செடிக்கு நோய் இருந்தால், 300 செடிகளைச் சோதித்து ஒன்றையாவது பிடிக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு. ஆயிரத்தில் ஒன்று என்றால் அதே 300 செடிகளுக்கு வாய்ப்பு 26 சதவீதம்தான்.

ஆகவே இறக்குமதியாகும் இடத்தில் நடக்கும் சோதனையை மட்டும் நம்புவது வீண் என்றே எனக்குத் தோன்றுகிறது. காசைத் தாய்ச்செடிப் பண்ணையில் செலவிட வேண்டும்: பாசனத்துக்குச் சுத்தமான நீர், வெட்டும் கத்திக்குக் கிருமிநாசினி, தாய்ச்செடிகளுக்கு அடிக்கடி சோதனை. ஒரு தாய்ச்செடி நோயிலிருந்து தப்பினால், அதிலிருந்து வெட்டிய தண்டுகள் அத்தனையும் தப்பிவிடும்.