கைரேகை இல்லாத ஆதார்

ஆதாரில் 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் கைரேகை, கருவிழிப் பதிவைக் கட்டணமின்றிப் புதுப்பிக்கும் சலுகை 2026 செப்டம்பர் 30-உடன் முடிகிறது. இந்தத் தேதி எப்படியோ கைக்குழந்தைகளின் தலையிலும் விழுந்துவிட்டது. அதற்குள் ஆதார் எடுக்காவிட்டால் ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் ஏறாதா என்று கேட்டு ஏரல் வட்டாரத்திலிருந்து கடிதங்கள் வருகின்றன. பதற்றத்துக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் இங்கே குடும்ப அட்டையை வைத்துத்தான் வழங்கப்பட்டது.

பச்சிளம் குழந்தைக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. மத்திய அரசு 2025 ஜூலையில் திருத்திய பொது விநியோக ஆணையே, 5 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆதார் எண்ணை 'இருந்தால்' வாங்கச் சொல்கிறது. ரேஷன் அட்டைக்கான இ-கேஒய்சி சரிபார்ப்புக்கு, 5 வயது நிறைந்ததிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு.

கவனிக்க வேண்டியது வேறு. நீலநிற 'பால் ஆதார்' அட்டைக்காகக் குழந்தையின் ரேகையையோ கருவிழியையோ எடுப்பதில்லை. பெயர், பிறந்த தேதி, ஒரு படம். ரேகை வைப்பது அம்மாவோ அப்பாவோ. ஆக, அந்த 12 இலக்கம் பெற்றவரின் விரலில் தொங்குகிறது. ஒருவருக்கு ஒரே எண் என்று ஆதார் ஆணையம் மார்தட்டுகிறதே, அது ரேகையை ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. ரேகையே இல்லாத இடத்தில் எதை ஒப்பிடுவது? இந்தக் கேள்வியை எழுப்பியது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ஆணையத்தைப் பற்றி 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை, 2019 மார்ச் வரை இத்தகைய எண்களுக்குச் செலவான 310 கோடி ரூபாய் தவிர்த்திருக்கக்கூடியது என்றது. என் கணிப்பில், 5 வயது வரை இது அடையாளம் அல்ல. அடையாளத்துக்குப் போட்டுவைத்த முன்பதிவு.

முன்பதிவைப் பிறகு உறுதிசெய்ய வேண்டியது பெற்றோரின் வேலை. 7 வயது தாண்டியும் ரேகை பதியாவிட்டால் எண்ணை முடக்க முடியும். அரசுப் பள்ளி, உதவித்தொகை என்று எண் உண்மையிலேயே தேவைப்படத் தொடங்கும் வயதும் அதுதான். உதவி வாங்காத வீட்டில் இது ஒரு நாள் அலைச்சல். உதவியை நம்பியிருக்கும் வீட்டில் ஒரு தவணை போய்விடும்.

பச்சிளம் குழந்தைக்கு முதலில் வாங்க வேண்டியது எது? பிறப்புச் சான்றிதழ். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு அதுவே ஆதாரம்.

பிறப்பை எங்கே பதிவது? குடியிருக்கும் ஊரில் அல்ல, பிறந்த ஊரில், 21 நாளுக்குள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள் கவனிக்க.

பெயர் வைக்கவில்லையே? ஓராண்டு வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். சேர்த்துவிட்டே ஆதாருக்குப் போங்கள்.

பிக்மி எண்ணும் 12 இலக்கம்தானே? அது தாயின் கர்ப்பப் பதிவு எண், ஆதார் அல்ல.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி நிற்குமா? குழந்தையின் ஆதாருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் சொல்லிவிட்டது. யாராவது மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.