துண்டு வீசிய பிறகு

பங்குனி, சித்திரையில் திருக்கோஷ்டியூர், திருப்பத்தூர், சிங்கம்புணரி வட்டாரத்துக் கண்மாய்களில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். அறுவடை முடிந்து களம் காலியாகியிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் கூடி மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறிப்பார்கள். அன்று விடியும் முன்பே கரை முழுக்க ஆட்கள். சாமி கும்பிட்டுவிட்டு வரும் பெரியவர் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுகிறவரை ஒருவரும் நீரில் கால் வைக்கக் கூடாது. துண்டு அசைந்ததும் ஊத்தா, கச்சா, பரி, கூடை, வலை என்று கையில் அகப்பட்டதோடு நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பிடித்த மீன் வீட்டுக் குழம்புக்கு, விற்பது வழக்கமில்லை. உறவுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவது உண்டு.

போட்டி என்று யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் பெரிய விரால் யாருக்கு மாட்டியது என்ற பேச்சு ஒரு வாரம் ஓடும். அதைவிடப் பெரிய கோப்பை வேண்டுமா என்ன?

கோப்பையும் பணமும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரியில் நடந்த தூண்டில் போட்டியில் முதலிடம் பிடித்த இருவரின் மீன்களின் எடை அளவுக்கேற்றதாக இல்லை என்று நடுவருக்குச் சந்தேகம் வந்தது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே ஈயக் குண்டுகள். வேறு மீனின் சதைத் துண்டுகளையும் திணித்திருந்தார்கள். பரிசு 28,000 டாலருக்கும் மேல். இருவரும் மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். நம் கண்மாயில் தராசே கிடையாது. ஈயத்துக்கு வேலை இல்லை.

தராசு இல்லாததால் நேர்மை தானாக வந்துவிடும் என்று சொல்லவில்லை. இங்கே நேர்மை கருவியிலும் காலத்திலும் இருக்கிறது. ஊத்தாவைப் பாருங்கள். மூங்கில் குச்சிகளை வரிசையாகக் கட்டிச் செய்த கூம்பு. அடி அகலம், மேல் வாய் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. சேற்றில் பதியக் குத்த வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டிருந்தால் குச்சியில் மோதும். அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும். மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி, தலைப்பக்கம் அழுத்திப் பிடித்து எடுக்க வேண்டும். வழுக்கிப் போனது போனதுதான். கெளுத்தியாக இருந்தால் முள் குத்தும். இடுப்புக்கு மேல் தண்ணீர் இருந்தால் ஊத்தா எடுபடாது. குச்சி இடைவெளியில் சிறு மீன்கள் நழுவிவிடும். எந்த ஆழத்தில், எந்த அளவு மீனை, ஒரு நேரத்தில் எத்தனை பிடிக்கலாம் என்பதை அந்தக் கூடையே முடிவு செய்துவிடுகிறது. கொசுவலையை நாலு பேர் விரித்து இழுக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகிறது. அப்படி இழுப்பவர்களைக் கரையேறச் சொல்லும் ஊர்தான் எனக்குப் பிடிக்கும்.

காலக் கணக்கும் சாதாரணமானதல்ல. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். சித்திரை வெயிலில் காயும் கண்மாயில் அந்த ஏழரையும் நிற்காது. அதற்குள் ஆயிரம் கால்கள் இறங்கிச் சேற்றைக் கலக்கினால், அடியில் மட்கிக் கிடந்தவை மேலே வந்து மிச்ச ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். கெண்டையும் கட்லாவும் மயங்கி மேல்மட்டத்தில் வாய் பிளப்பது அதனால்தான். இறங்கியவர்களின் கால்களும் சேர்ந்துதான் மீன் பிடிக்கின்றன. விட்டாலும் அந்த மீன்களில் பெரும்பகுதி ஆனி வெயிலைத் தாண்டாது, அல்லது கொக்குக்குப் போகும். காய்கிற கண்மாயை ஊருக்கே பொதுவாகத் திறந்துவிடுவதில் தவறு காண எனக்குக் காரணம் இல்லை.

திறந்துவிடுவது இந்த மண்ணுக்குப் பழக்கமும்கூட. திருக்கோஷ்டியூர்க் கோயிலில் ஏறி நின்று, மறைவாகக் காக்கச் சொன்ன எட்டெழுத்து மந்திரத்தை இராமானுசர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. மீன்பாசி ஏலம் எடுத்தவர் ஒரு பக்கம், வழக்கப்படி இறங்க வந்த ஊர்க்காரர்கள் மறுபக்கம் என்று சில இடங்களில் தகராறு வருகிறபோது அந்தக் கதை ஞாபகத்துக்கு வரும். குத்தகைக்காரர் பணம் போட்டுக் குஞ்சு விட்டிருக்கிறார், அவர் பக்கமும் நியாயம் உண்டு. நாள் குறிக்கும் முன்பே அவரோடு பேசி முடிப்பதுதான் மரியாதை.

குஞ்சு விடுவது என்றேன். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வட இந்திய ஆறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் இயல்பாக முட்டையிடும். கண்மாயில் தேங்கிய நீரில் கொழுக்குமே தவிரப் பெருகாது. 1957இல் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறு செலுத்தி இத்தகைய கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சுகள் ஊர் ஊராகப் போயின. ஆகவே, கடைசிக் கட்லாவையும் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு நட்டமில்லை. அது எப்படியும் பண்ணையிலிருந்துதான் வர வேண்டும். விரால், குரவை, அயிரை, நாட்டுக் கெளுத்தி அப்படியல்ல. மிஞ்சியவையும், மழையில் வரத்துக்கால் வழியாகவும் கலுங்கு வழியாகவும் ஏறி வருபவையும்தான் அடுத்த தலைமுறைக்கு விதை. நடுவில் இருக்கும் ஆழமான குட்டத்தை மட்டும் கலக்காமல் விட்டுவிட்டால் விதை தப்பும்.

பிடித்ததைத் திரும்ப விட்டால் போதாதா? 1972 முதல் அமெரிக்கத் தூண்டில் போட்டிகள் பலவற்றில் அதுதான் பெருமை: எடை போட்டுவிட்டு உயிரோடு விடுவது. ஆனால் மீன் பிழைக்கிறதா? 1992இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற கனடா ஆய்வாளர்கள் வானவில் டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை விரட்டிப் பார்த்தார்கள். நீரிலேயே விடப்பட்டவற்றில் 12 சதவீதம் இறந்தன. விரட்டியபின் 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதம். நீருக்கு வெளியே செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மூச்சு அடைபடுகிறது. அவை குளிர்நீர் மீன்கள்தான். அதே கணக்கைக் கெண்டைக்கு அப்படியே போட முடியாது. ஆனாலும் செல்ஃபி எடுத்துவிட்டுச் சேற்றுக் குழம்பில் விட்டெறியும் கெண்டைக்குஞ்சு பிழைக்கும் என்று நான் நம்பமாட்டேன். அதற்கு இரக்கம் காட்டும் வழி, அது நழுவிப்போகும் கருவியை எடுத்துச் செல்வதுதான்.

விரால் விஷயம் வேறு. அதற்குத் தலையில், செவுளுக்கு மேலே, ரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அங்கே அடைத்துக்கொள்ளும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். ஈரம் இருந்தால் வெளியே மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் திரும்ப விட ஏற்ற மீன் விரால்தான். குட்டத்துக்கோ பக்கத்துக் கண்மாய்க்கோ ஈரச்சாக்கில் எடுத்துப்போய் விடலாம். அதே காரணத்தால் கஷ்டப்பட்டுச் சாவதும் விரால்தான். செவுளில் கயிறு கோத்துத் தோளில் தொங்கவிட்டு வருகிறார்களே, அந்த விரால் வீடு வரும்வரை சாவதில்லை. 2003இல் ஆய்வாளர் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீனின் முகத்தில் வலியூட்டும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். மீனுக்கு வலி நமக்குள்ளது போன்றதா என்பதில் விவாதம் தீரவில்லை. அது தீரும்வரை, பிடித்த இடத்திலேயே உச்சந்தலையில் ஓங்கி ஒரு அடி கொடுத்து முடித்துவிடலாம்.

கோடை மழை முந்திப் பெய்த ஆண்டுகளில் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் மேலே பொங்குவது கண்ணில் படலாம். கீழே தாய் தகப்பன் விரால் காவல் நிற்கும். குஞ்சைப் பார்த்து ஊத்தா குத்தினால் விரால் நிச்சயம், ஆனால் காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். அந்த இடத்தைச் சுற்றிப் போகத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர்.

தோட்டா, விஷம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே இரண்டையும் குற்றம் என்கிறது. வெடிச் சத்தத்தில் மிரளும் பறவைகளைப் பற்றி இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வேட்டங்குடிப்பட்டி சரணாலயத்தை ஒட்டிய கிராமத்தார் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.

விடவே கூடாத மீனும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு 2000ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை வந்தாயிற்று. கண்ணில் பட்ட நாட்டு மீன்களையெல்லாம் விழுங்கும் என்பதால்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையின் தாய், முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே வளர்க்கும். கையில் பிடித்ததும் சில சமயம் குஞ்சுகளைத் துப்பும். பாவம் பார்த்து அந்தத் தாயை விடுவதற்குப் பதில் தாராளமாகக் குழம்பு வைக்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சாப்பிட மனமில்லாதவர்கள் கரையில் குழி தோண்டிப் புதைக்கட்டும், கண்மாயில் மட்டும் விட வேண்டாம்.