துருவை மூடினால் போகாது

மட்டாஞ்சேரி கொச்சி நகரின் பழைய பகுதி. அதன் கடைவீதியில் நடந்தால் மிளகு மணக்கும். சுக்கு மணக்கும். அந்தக் காற்றில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அதுதான் உப்பு.

ஒரு பக்கம் காயல். கொஞ்சம் தள்ளிப் போனால் அரபிக்கடல். ஜூன் மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை ஈரம் காயாது. இரும்புக்கு ஆகாத ஊர் இது. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். சைக்கிள் துருப்பிடிக்கும். காரும் துருப்பிடிக்கும்.

இந்த ஊரில் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது வாடகைக்கு ஓடுகிறது. அதை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. ஒரு நாள் அதன் ஓட்டுநர் டிங்கர் வேலை செய்யும் மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுவருகிறார்.

"மேஸ்திரி, கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்திருக்கு. கொஞ்சம் பட்டி பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுங்க. மழைக்கு முன்னால் முடிக்கணும்."

மேஸ்திரி ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கொப்புளத்தில் லேசாகக் குத்தினார். அது கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

"அண்ணே, இதன்மேல் பட்டி பூசலாம். பார்க்கப் புதுசுபோல இருக்கும். ஆனால் உள்ளே தகடே இல்லை. நீங்க ஆள் ஏற்றி ஓட்டுறீங்க. மூடி மறைக்க வேண்டாம்."

மேஸ்திரி ஏன் அப்படிச் சொன்னார்?

துரு என்றால் என்ன?

இரும்பு, தண்ணீர், காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். காற்றில் உள்ள ஆக்சிஜன் இரும்போடு சேர்கிறது. அதற்குத் தண்ணீர் துணை செய்கிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கிறது.

துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் அது பெயிண்டை மேலே தள்ளுகிறது. பெயிண்ட் கொப்பளிக்கிறது. நாம் கொப்புளத்தைப் பார்க்கும்போது, உள்ளே பாதித் தகடு போயிருக்கலாம். கரையான் அரித்த கதவு போலத்தான் இதுவும். வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது.

பாம்பன் ரயில் பாலத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது 1914-ல் திறக்கப்பட்டது. கடலின் நடுவே நின்ற இரும்புப் பாலம் அது. துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, பழுதான பாகத்தை மாற்றி அதைக் காத்தார்கள். 100 ஆண்டுக்கு மேல் அதில் ரயில் ஓடியது. 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பெரிய பாலத்துக்கு உள்ள நியாயம்தான் சின்னக் காருக்கும்.

காரின் எலும்பு எது?

லாரிக்கு அடியில் கனமான சேஸ் உண்டு. அதுதான் லாரியின் எலும்பு. அம்பாசிடருக்கு அப்படித் தனிச் சேஸ் கிடையாது. அதன் உடம்பே அதன் எலும்பு. தரைத் தகடும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டமும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. மாருதி 800 காரும் இப்படித்தான்.

ஆகவே கதவில் ஓட்டை விழுந்தால் அது அழகுக் குறை. கீழ்ச் சட்டம் இற்றுப்போனால் அது உயிர் ஆபத்து. மோதல் நடந்தால் வண்டி நசுங்கும். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இடம் இற்றால், ஓடும்போதே பிய்த்துக்கொள்ளலாம்.

எங்கே தேட வேண்டும்?

தண்ணீர் தேங்கும் இடத்தில் துரு இருக்கும். மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியின் தரையைப் பாருங்கள். கதவின் அடி ஓரத்தைப் பாருங்கள். சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்பக்கம் சேறு ஒட்டியிருக்கும். அதையும் கழுவிப் பாருங்கள்.

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீர் என்று ஒலிக்கும். இற்ற தகடு மொத்தென்று கேட்கும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டு போகலாம். தகட்டில் காந்தம் ஒட்டும். கனமாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. காந்தம் நழுவி விழுந்தால், அங்கே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

வேலை தொடங்கும் முன்

முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். சீட்டையும் மிதியடியையும் வெளியே எடுக்க வேண்டும். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வெல்டிங் வைப்பதாக இருந்தால், டேங்கைக் கழற்றித் தூரமாக வைக்க வேண்டும்.

"டேங்க் காலிதானே, பயமில்லை" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. காலி டேங்கில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் அதிக ஆபத்தானது. தீயணைக்கும் கருவியும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

இனி துருவை எடுக்க வேண்டும். மேலோட்டமான துருவைக் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எடுக்கலாம். தகடு இற்றிருந்தால் வெட்டி எடுக்க வேண்டும். எதுவரை வெட்டுவது? பளபளப்பான நல்ல தகடு வரும்வரை வெட்ட வேண்டும். இற்ற தகட்டில் வெல்டிங் நிற்காது. அது உருகி ஓட்டைதான் பெரிதாகும்.

கீழ்ச் சட்டத்தை ஒரே நேரத்தில் முழுவதும் வெட்டக் கூடாது. வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு சாத்த வராது. அதனால் வண்டிக்கு அடியில் சமமாக முட்டுக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டி, கதவைச் சாத்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

அம்பாசிடர் கார் 1950-களின் இறுதியில் வரத் தொடங்கியது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் அதைச் செய்தார்கள். 2014-ல் அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுவிட்டது. அதனால் புதிய பாகம் கிடைப்பது கடினம். நல்ல டிங்கர் தகட்டை வாங்கி, வெட்டி, சுத்தியலால் தட்டி, பழைய வளைவைக் கொண்டுவந்துவிடுவார்.

புதிய துண்டை வைத்து வெல்டிங் செய்யும்போது ஒரே இடத்தில் சூடேற்றக் கூடாது. தகடு நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

பூசுவதற்கும் முறை உண்டு

வெறும் தகட்டை இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது. கொச்சிக் காற்றில் காலைக்குள் அது மஞ்சள் பூத்துவிடும். அன்றைக்கே எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிரைமர் அடிக்க வேண்டும்.

பட்டி பிறகுதான். பட்டி என்பது மேடு பள்ளத்தை நிரவ மட்டுமே. ஓட்டையை அடைக்க அல்ல. பட்டியை மெல்லிசாகப் பூச வேண்டும். கனமாகப் பூசினால் வெடித்து உதிரும். பட்டி ஈரத்தையும் உறிஞ்சும். அதனால் தேய்த்த பிறகு அதன்மேலும் பிரைமர் வேண்டும். கடைசியில்தான் பெயிண்ட். மழை பெய்யும்போது பெயிண்ட் அடித்தால் வெளுத்து மங்கிவிடும்.

வெளியே பெயிண்ட் அடித்தால் போதாது. பெட்டிச் சட்டத்தின் உள்ளேயும் துருவைத் தடுக்கும் மெழுகு எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். துரு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

வேலை செய்பவரின் உடம்பு

வண்டியைக் காப்பாற்றுகிறவர் தம் உடம்பையும் காக்க வேண்டும். வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்கவே கூடாது. பக்கத்தில் நிற்கும் பையனுக்கும் இது பொருந்தும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி நஞ்சு. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பெயிண்ட் பீய்ச்சும்போது மூக்கில் துணி கட்டினால் போதாது. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் சில பெயிண்டுகளின் ஆவி ஆஸ்துமா நோயைத் தரும். அதற்கென்று உள்ள முகமூடி போட வேண்டும்.

படித்துப் பாருங்கள்

எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரி 4-ல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் முதல் மாவட்டம் அதுதான். மட்டாஞ்சேரியும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. படிப்பு பட்டறையிலும் உதவும்.

பிரைமர் டப்பாவின்மேல் எவ்வளவு கலப்பது, எவ்வளவு நேரம் காய வைப்பது என்று எழுதியிருக்கும். பாருங்கள். எழுத்து தெரியாத மொழியில் இருந்தால், தெரிந்தவரிடம் கேளுங்கள். பில்லையும் படியுங்கள். "பாடி வேலை" என்று ஒரே வரியில் எழுதினால் ஏற்காதீர்கள். எந்த இடத்தில் தகடு மாற்றினார்கள், எங்கே பட்டி மட்டும் பூசினார்கள் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பே ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். அப்போதுதான் வெல்டிங் தெரியும்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வாடகை வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும். மூடி மறைத்த துரு அங்கே தப்பிவிடலாம். சாலையில் தப்பாது.

அந்த ஓட்டுநரின் வண்டி சில நாள் பட்டறையில் நின்றது. அந்த நாட்களில் வருமானம் இல்லை. செலவும் கூடுதல்தான். ஆனால் அடுத்த மழையில் அவர் பயமில்லாமல் ஆள் ஏற்றினார்.

நினைவில் வையுங்கள்

1. கொப்புளம் சின்னதாக இருக்கும்போதே கவனியுங்கள்.
2. கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் தண்ணீர் வடிவதற்கு. அவற்றை அடைபடாமல் வையுங்கள்.
3. கடல் ஓதம் ஏறிய தெருவில் ஓட்டினால், அன்றே வண்டியின் அடியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.
4. ஈரமான மிதியடியை வெயிலில் காயப் போடுங்கள்.
5. துருவை வெட்டி எடுங்கள். மூடி மறைக்காதீர்கள்.