கேழ்வரகு, கீரை, முட்டை: குடியானவர் இல்லத்துக்கு ஏற்ற காலை ஆகாரம்

நிலத்துக்கு இடவேண்டிய எருவின் அளவையும், உழவு மாட்டுக்கு வைக்கவேண்டிய தீனியின் அளவையும் நன்கு அறிந்த குடியானவர்கள் பலர், தங்கள் வீட்டார் காலையில் என்ன உண்டு வயலுக்குப் போகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. நடவும் அறுப்பும் மும்முரமாக நடக்கும் நாட்களில் ஒரு குவளைத் தேநீரோடு வரப்பேறி, உச்சிப் பொழுது வரை வெறும் வயிற்றுடன் வேலை செய்வது பல கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்தால் வேலை குறைகிறது. தேகமும் நாளடைவில் நலிகிறது. எனினும் இதற்கு வேண்டிய பரிகாரம் குடியானவரின் களஞ்சியத்திலும், கொல்லையிலும், கோழிக்கூட்டிலுமே இருக்கிறது. அதைக் குறைந்த செலவில், விரைவாக ஆகாரமாக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இது ஏன் அவசியம்?

நமது நாட்டு மக்களின் ஆகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சி, நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அவ்வாராய்ச்சிச் சாலையின் தலைவராக இருந்த டாக்டர் அய்க்ராய்டு அவர்கள், இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அளந்து 1937-இல் ஒரு பிரசுரம் வெளியிட்டார். பிற்காலத்தில் அந்நிலையம் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது; தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயருடன் இன்றும் அங்கே நடைபெற்று வருகிறது. அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராமுக்கும் குறைவே. அதே நிறையுள்ள கேழ்வரகிலோ ஏறக்குறைய 360 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே கேழ்வரகை ஏழைகளின் தானியம் என்று ஒதுக்குவது அறியாமையேயாகும்.

மற்றொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரத்தச் சோகை உள்ளவர்கள் என்று கண்டறியப்பட்டது. நாற்றுப் பறிப்பவர்களும், நடுபவர்களும், களை எடுப்பவர்களும் பெரும்பாலும் இப்பெண்களே. பயிரில் பசுமை குறைந்தால் உடனே காரணம் தேடுகிறோம். பயிரை நடுபவளின் முகம் வெளுத்திருந்தால் அதற்கும் காரணம் தேடவேண்டாமா?

2. மூன்று பொருள்களின் சேர்க்கை

கேழ்வரகு, முருங்கைக் கீரை, முட்டை ஆகிய மூன்றும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவன. கேழ்வரகு வேலைக்கு வேண்டிய வலிமையையும் சுண்ணாம்புச் சத்தையும் தருகிறது; மெதுவாக ஜீரணமாவதால் பசி தாங்கும். ஆனால் அதிலுள்ள புரதம் 100 கிராமுக்கு 7 கிராம் அளவே. அதன் தன்மையும் முழுமையானதன்று. இக்குறையை முட்டை தீர்க்கிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. தேக வளர்ச்சிக்கு இன்றியமையாத பகுதிகள் யாவும் அதில் பொருந்தியிருக்கின்றன. கீரை, இரும்புச் சத்தையும், கண்ணுக்கு நன்மை தரும் வைட்டமின் ஏ-யாகத் தேகத்தில் மாறும் சத்தையும் அளிக்கிறது. இக்கண்சத்து தேகத்தில் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். சமையலுக்கு விடும் எண்ணெயும் முட்டையின் மஞ்சட்கருவும் அதற்குப் போதும்.

தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை. எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் அதிகம் சேரும். தேநீரும் காப்பியும் உடன் சேர்ந்தால் குறையும். ஆகையால் தேநீர் அருந்தும் பழக்கமுள்ளவர்கள் அதை ஆகாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ வைத்துக்கொள்வது நலம்.

3. செய்முறை: கேழ்வரகுக் கீரை முட்டைத் தோசை

நான்கு பேருள்ள குடும்பத்துக்கு வேண்டிய பொருள்களாவன:

கேழ்வரகு மாவு 4 ஆழாக்கு (ஏறக்குறைய 400 கிராம்), புளித்த மோர் ஓர் ஆழாக்கு, ஆய்ந்த முருங்கைக் கீரை 150 கிராம், அதாவது நான்கு கைப்பிடி, சின்ன வெங்காயம் 15, பச்சை மிளகாய் 3, முட்டை 4, மிளகு, சீரகம் பொடித்தது ஒரு சிறு கரண்டி, மஞ்சள் தூள் சிறிது, உப்பும் எண்ணெயும் வேண்டிய அளவு.

முந்தின இரவு செய்யவேண்டியது: மாவில் மோரையும் உப்பையும் சேர்த்துக் கட்டியின்றிக் கரைத்து, தோசை மாவின் பதத்துக்குத் தண்ணீர் விட்டு மூடி வைக்கவேண்டும். இரவு முழுவதும் இலேசாகப் புளிப்பதால் சுவை கூடுவதோடு, தானியத்திலுள்ள சுண்ணாம்பும் இரும்பும் தேகத்தில் சேர்வதைத் தடுக்கும் பொருளும் ஓரளவு குறைகிறது. கீரையை உருவி ஆய்ந்து வைத்துக்கொண்டால் காலை வேலை பாதி முடிந்தது.

காலையில் செய்யவேண்டியது: கீரையை அலசி, நறுக்கிய வெங்காயம், மிளகாயுடன் சிறிது எண்ணெயில் மூன்று நிமிஷம் வதக்கி மாவில் கலக்கவும். முட்டைகளை உடைத்து, மிளகு சீரகப் பொடி, மஞ்சள், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாக அடித்துக்கொள்ளவும். கல் காய்ந்ததும் மாவைச் சற்றுக் கனமாக ஊற்றி, ஓரத்தில் எண்ணெய் விடவும். மேற்புறம் ஈரம் காயும் தறுவாயில், அடித்த முட்டையில் எட்டில் ஒரு பங்கை அதன்மேல் பரவ விட்டு, அரை நிமிஷம் சென்றபின் திருப்பிப் போட்டு, முட்டை முற்றும் வெந்ததும் எடுக்கவும். இவ்வளவு மாவில் எட்டுத் தோசைகள் ஆகும். ஒரு தோசைக்கு மூன்று நிமிஷமாக, அடுப்பு மூட்டியதிலிருந்து அரை மணிக்குள் நால்வரும் உண்டுவிடலாம்.

இரண்டு தோசை உண்பவருக்கு ஏறக்குறைய 15 கிராம் புரதமும், 450 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் ஆகாரத்தில் கிடைக்கின்றன. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இன்றைய விதி. ஆகவே ஒரு வேளையிலேயே நாள் தேவையில் பாதியை நெருங்கிவிடுகிறோம்.

கல்லில் சுட்டெடுக்க இயலாத நாட்களில் ஒரே பானையில் சாமைச் சோறு செய்யலாம். வெங்காயமும் மிளகாயும் தாளித்து, ஒரு பங்கு சாமை அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கொதி வந்ததும் அரிசியை இட்டு, முக்கால் வேக்காட்டில் சிறுகீரையோ அரைக்கீரையோ அரிந்து சேர்க்கவும். தண்ணீர் வற்றியதும் அடித்த முட்டையை ஊற்றி, அது இறுகும் வரை கிளறி இறக்கவேண்டும். கால் மணியில் முடியும் வேலை இது.

முட்டை உண்ணாத குடும்பத்தார், வறுத்துப் பொடித்த நிலக்கடலையையோ, ஊறவைத்து அரைத்த பாசிப்பயற்றையோ மாவில் கலந்துகொள்ளலாம். பயறு தானியத்தோடு சேர்ந்தால் இரண்டின் புரதமும் மேன்மையடைகிறது.

4. செய்யத் தகாதவை

முட்டையைப் பச்சையாகவோ அரை வேக்காட்டிலோ குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது. நோய்க் கிருமிகள் தங்குவதற்கு அது இடமாவதுடன், பச்சை வெண்கரு ஒருவகை வைட்டமினைத் தேகத்துக்குச் சேரவொட்டாமல் தடுக்கும். கீரையை அரிந்தபின் அலசினால் சத்து நீரோடு போய்விடும்; அலசிய பின்னரே அரியவேண்டும். கம்பு மாவு கொழுப்பு மிகுந்ததாகையால் விரைவில் சிக்குவாடை கொள்ளும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கவேண்டும். கேழ்வரகுக்கு இக்கஷ்டம் இல்லை. உலர்ந்த தானியமாகப் பல ஆண்டுகள் கெடாதிருக்கும்.

முருங்கையில் மழைக்காலத்தில் கம்பளிப்புழுக்கள் அடிமரத்தில் கூட்டமாக அடையும். அவற்றைத் தீப்பந்தத்தால் பொசுக்கிவிடலாம். கறிக்குக் கீரை பறிக்கும் மரத்தில் விஷ மருந்து தெளிப்பது கூடவே கூடாது.

5. வீட்டிலேயே விளைவித்தல்

வாரத்துக்கு இரண்டு நாள் இவ்வாகாரம் செய்யும் குடும்பத்துக்கு, ஆண்டொன்றுக்கு 42 கிலோ கேழ்வரகும் 416 முட்டையும் வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோ விளைவதாகக் கொண்டால், கேழ்வரகுக்கு எட்டு சென்ட் நிலம் போதும். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50 முதல் 60 முட்டைகளே இடும். ஆதலால் ஏழெட்டுப் பெட்டைகள் வேண்டும். வனராஜா, கிரிராஜா போன்ற அபிவிருத்தி செய்யப்பட்ட புறக்கடை இனங்களாயின் இதில் பாதி போதும். இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரே வாரத்தில் கூட்டைக் காலி செய்துவிடுமாகையால், கால்நடை மருந்தகத்தில் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வது கட்டாயமாகும்.

குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் சேவலைப் பிரித்துவிடவேண்டும். சேவல் இன்றியும் பெட்டைகள் முட்டையிடும். அம்முட்டையில் கரு வளராதாகையால், கோடையில் சீக்கிரம் கெடாது. முட்டைகளைக் கழுவாமல், கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு மட்பாண்டத்தில் அடுக்கி, அப்பாண்டத்தை ஈரமணலின்மேல் நிழலில் வைக்கவும். சந்தேகமுள்ள முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பார்க்கலாம். படுத்துக்கிடப்பது புதியது, மிதப்பது பழையது, அதைத் தள்ளிவிடவேண்டும்.

முருங்கையை, மணிக்கட்டுப் பருமனும் மூன்றடி நீளமும் உள்ள போத்துக்களை நட்டு உண்டாக்கலாம். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த பி.கே.எம். 1 என்னும் வகையை விதையிட்டு வளர்க்கலாம். கன்று மூன்றடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பெருகிக் கைக்கெட்டும் உயரத்தில் கீரை கிடைக்கும். குளிக்கும் நீர் பாயும் இடமே இதற்குத் தகுந்தது.

6. ஓர் ஆட்சேபமும் அதற்குச் சமாதானமும்

ஒரு கிராமத்தில் இச்செய்முறையை நடத்திக் காட்டியபொழுது, சுவையைப் பற்றியோ வேலையைப் பற்றியோ எவரும் குறை கூறவில்லை. ஆனால் ஒரு மூதாட்டி, “முட்டை விற்ற காசுதான் ஐயா என் கையில் புழங்கும் காசு. அதையும் தின்றுவிட்டால் உப்புக்கும் புளிக்கும் யாரிடம் போய்க் கேட்பது?” என்று வினவினாள். இக்கேள்வி சிந்திக்கத் தக்கது. நெல் விற்ற பணம் வீட்டுத் தலைவரின் கைக்குப் போகிறது. முட்டை விற்ற சில்லறையே வீட்டுப் பெண்களுக்குச் சொந்தமாயிருக்கிறது. அதைப் பறித்துக்கொண்டு ஆகார சீர்திருத்தம் பேசுவது நியாயமன்று. ஆகவே கோழிகளின் தொகையைப் பெருக்கி, உண்பதற்கு ஒரு பங்கும் விற்பதற்கு ஒரு பங்குமாக ஒதுக்கவேண்டும். கூடு கட்டவும், நொறுங்கு தானியம் தரவும் நிலச் சொந்தக்காரர் உதவுவாராயின், பெண்களின் வருவாயும் குறையாது. தட்டில் முட்டையும் இருக்கும்.

பங்கிடும் முறையும் முக்கியமானது. ஆண்கள் உண்டபின் மிஞ்சியதைப் பெண்கள் உண்ணும் வழக்கமுள்ள வீடுகளில், முட்டை அவர்கள் தட்டை எட்டுவதே இல்லை. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளரும் குழந்தைகள் ஆகியோருக்கே அது முதலில் உரியது. மேற்சொன்ன தோசையில் ஒவ்வொன்றிலும் அரை முட்டை ஒட்டியே இருப்பதால், பங்கில் பேதம் செய்ய இடமில்லை என்பது அதன் தனிச் சிறப்பாகும்.

7. கிராம அலுவலர்களுக்கு

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை ஆகாரம் வழங்கும் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கப்பெற்று, 2023-இல் விரிவாக்கப்பட்டது. இதனால் சிறுவர்களின் காலைப் பசி தணிகிறது. ஆனால் அவர்களுடைய தாய்மாருக்கும் மூத்த சகோதரிகளுக்கும் வீட்டு அடுப்பே கதி. கிராம அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், பள்ளி, அங்கன்வாடி வேலியோரங்களில் முருங்கைப் போத்து நடுவித்தும், கோழித் தடுப்பூசி போடும் நாளைத் தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ முன்கூட்டி அறிவித்தும் பேருதவி செய்யலாம்.

அடுத்த விதைப்பில் எட்டு சென்ட் கேழ்வரகுக்கு ஒதுக்குங்கள். கொல்லையில் இரண்டு முருங்கைப் போத்து நடுங்கள். கூட்டில் நான்கு பெட்டைகளைச் சேருங்கள். அறுவடை வரும் வரை காத்திராமல், கடையில் வாங்கிய மாவைக் கொண்டு இவ்வாரமே ஒருநாள் செய்து பாருங்கள். வயலுக்குப் புறப்படும் ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், வயிறு நிறைந்து புறப்படும் இல்லத்தில் வேலையும் நடக்கும். வைத்தியச் செலவும் குறையும்.