பலிபீடக் கல்

இங்கிலாந்தின் மேற்கெல்லையில், ஹெரிபோட்ஷயரில், பொன் பள்ளத்தாக்கு என்றொரு நிலப்பகுதி உண்டு. பொன் விளைந்ததால் வந்த பெயரன்று. அங்கு ஓடும் டோர் ஆற்றின் பெயர் நீரைக் குறிக்கும் வேல்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. நோர்மானியர் செவியில் அது பொன்னாக ஒலித்தது என்பர்.

அவ்வாற்றோரம் 1147இல் சிஸ்தேர்சியத் துறவிகள் நிறுவிய மடத்தின் வரலாற்றைப் படித்தபோது, ஒரு கல்லே என் நெஞ்சில் நின்றது. 1536இல், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், மடம் மூடப்பட்டது. கூரை போயிற்று, நடுக்கூடம் அழிந்தது. துறவிகள் வழிபட்ட பலிபீடக் கல் பண்ணை வீடொன்றை அடைந்து, இறைச்சிக்கு உப்பிடவும் பாற்கட்டி செய்யவும் உதவிற்று. இதனை அவமதிப்பென்று நான் சொல்லமாட்டேன். நல்ல கல்லை எந்தக் கமக்காரன் வீணே கிடக்க விடுவான்?

மடத்து நிலங்களைக் கைக்கொண்ட குடும்பத்தின் வழிவந்தவர் ஸ்கூடமோர் பிரபு. தம் மக்கள் குழந்தைப் பருவத்திலேயே இறக்கக் கண்டு, கோயிற் சொத்தை அனுபவித்த பழியோ என அவர் அஞ்சினார் என்று சொல்வதுண்டு. 1630களில், எஞ்சிநின்ற கிழக்குப் பகுதியைப் புதுக்கி அவ்வூரின் பங்குக் கோயிலாக்கினார். ஜோன் ஏபல் என்னும் தச்சர் ஓக் மரத்தில் அழகிய தடுப்பொன்றைச் செதுக்கினார். கல்லும் பண்ணையிலிருந்து திரும்பிற்று. இன்றும் அது அங்கே பலிபீடமாகவே இருக்கிறது.