கந்தல் துணியில் பிறந்தது கடல் பொம்மை!

ஓசூரில் கடல் இல்லை. மலை உண்டு, ஏரி உண்டு. துணித் துண்டுகளுக்கும் அங்கே பஞ்சம் இல்லை.

ஓசூரிலும் கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சட்டை வெட்டும்போது மூலை முடுக்கில் துண்டுகள் மிஞ்சும். அவை எதற்கு உதவும்?

எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். அங்குள்ள பாட்டிமார்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். பழைய சேலைகளை அடுக்குவார்கள். மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டுப் போடுவார்கள். ஊசியை மேலும் கீழும் ஓட்டி எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பார்கள். அந்தப் போர்வைக்குக் 'கௌதி' என்று பெயர். பல கைகள் சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். கூடவே மனச்சுமையும் இறங்கும்.

குளிருக்கு உதவும் துண்டுத் துணி, துயரத்துக்கும் மருந்தாகுமா? ஆகும் என்று காட்டினார்கள், புதுச்சேரியை அடுத்த கடலோரத்துப் பெண்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. சுனாமி அலைகள் தமிழகக் கரையில் மோதின. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர் மாண்டனர். படகு போயிற்று, வலை போயிற்று, வீடும் போயிற்று.

அலை ஓய்ந்தது. அச்சம் ஓயவில்லை. சோறு போட்ட கடலைப் பார்க்கவே மீனவப் பெண்கள் நடுங்கினார்கள். மீன் விற்ற கைகளுக்கு வேலையும் இல்லை.

பிறந்தாள் சுனாமிகா

ஆரோவில்லில் 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தை நிறுவியவர் உமா பிரஜாபதி. அவரும் தோழியரும் 2005-ல் அந்தப் பெண்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். ஊசியும் நூலும் கொடுத்தார்கள். ஆடைத் தொழிலில் மிஞ்சிய துண்டுத் துணிகளையும் கொடுத்தார்கள்.

ஒரு சிறு பொம்மை பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உருண்டைத் தலை, குட்டிக் கைகால், முகத்திலே சிரிப்பு! 'சுனாமிகா' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அழுத கண்கள் ஊசியில் நூல் கோத்தன. வாய் திறக்காதவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

விலை இல்லை!

சுனாமிகாவை விற்பதில்லை. அன்பளிப்பாகவே கொடுக்கிறார்கள். பெற்றவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். அந்தப் பணத்திலிருந்து, தைத்த பெண்களுக்குக் கூலி போயிற்று. விலை சொல்லாத பொம்மை வீட்டில் உலை ஏற்றியது! பல லட்சம் சுனாமிகாக்கள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

வீட்டிலேயே ஒரு கடல்

கடலை விட்டுத் தள்ளி இருக்கும் குடும்பங்களும் துணியில் ஒரு கடல் செய்யலாம்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு சாண் சதுரத் துணி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் அதில் மீன் தைக்கட்டும், ஒருவர் படகு, குழந்தை ஒரு சிப்பி. வானத்துக்கு வெளிர் நீலம், அலைக்குக் கரு நீலம், மணலுக்கு மஞ்சள் துண்டுகள் போதும். சதுரங்களை இணைத்து, அடியில் பழைய சேலையை மடித்து வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை தயார்.

தனியாகக் கிடந்தால் அது குப்பை. சேர்த்துத் தைத்தால் போர்வை. மனிதர்களும் அப்படித்தானே!