தொறு: நடுகல் காட்டும் ஒரு சொல்

வேலூர் நகரை அடுத்துத் தொரப்பாடி என்றோர் ஊர் உளது. நடுவண் சிறைச்சாலை அங்கு இருத்தலின் அவ்வூர்ப் பெயரைப் பலரும் அறிவர்; அதன் பொருளை அறிவார் அரியர். இப்பெயரின் முற்பகுதியில் பழஞ்சொல் ஒன்று மறைந்து கிடக்கின்றது என்பது எம் கருத்து. 'தொறு' என்பதே அச்சொல். அதன் பொருளையும் வடிவையும் ஈண்டு ஆராய்வாம்.

'நாடொறும்' என்புழி வரும் தொறு இடைச்சொல்லாகும். நாம் எடுத்துக்கொண்டதோ பெயர்ச்சொல். அகராதிகள் இதற்கு ஆனிரை, கூட்டம் முதலிய பொருள்களைத் தரும். தொறுவன், தொறுவி என இடையரைக் குறிக்கும் பெயர்களும் இதனடியாகப் பிறந்தன. ஒலியொப்புமை நோக்கித் தொழு, தொழுவம் என்பவற்றோடு இதனை இயைத்து, மாடு கட்டும் இடம் எனப் பொருள்கொள்ளவும் கூடும். நிரையா, கொட்டிலா என்பது சிறு வினா அன்று. நடுகல்லில் நிற்கும் வீரன் எதன்பொருட்டு உயிர் துறந்தான் என்பது இச்சொற்பொருளைப் பற்றியே நிற்கின்றது.

இலக்கியம் இதில் நமக்கு மிகுதியாக உதவுவதில்லை. வெட்சியும் கரந்தையும் பாடிய புலவர் பெரிதும் ஆளுவன ஆ, நிரை, ஆநிரை என்னும் சொற்களே. பதிற்றுப்பத்தின் 13ஆம் பாட்டு 'தொறுத்த' என்று தொடங்குகின்றது. அஃது ஆனினம் மிக்க வயலைக் குறித்தது. அப்பாட்டிலேயே எருமைக் கூட்டத்தைக் கூறுமிடத்து நிரை என்னும் சொல் வந்துள்ளமை கருதத்தக்கது.

நூல்களில் அருகிய இச்சொல் கற்களில் பல்கிக் கிடக்கின்றது. தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுப்பைப் புரட்டுவார் இதனை மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவர். அவற்றுள் சொல்லுக்குத் துணையாக நிற்கும் வினைகளை நோக்குக: தொறுக் கொண்டனர், தொறு மீட்டான், தொறு விடுவித்தான். கொள்ளப்படுவதும் ஓட்டிச் செல்லப்படுவதும் மீட்கப்படுவதும் நிரையேயன்றிக் கொட்டில் ஆகாது. எடுத்தனூர்க் கல் மற்றொரு சான்று. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அக்கல், கருந்தேவக்கத்தி என்பான் தன் எருமையின்பொருட்டுப் பட்டதைக் கூறுவது. கள்ளர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் அது மறவாது பொறித்துள்ளது. எருமையைக் குறிக்க வேண்டியவிடத்து எருமை என்றே கல் கூறுதலின், அடையின்றித் தனித்து நிற்கும் தொறு ஆனினத்தையே சுட்டும் எனல் பொருந்தும்.

துணைச்சொல் கொண்டு பொருள் துணியும் இம்முறை புதிதன்று. அனத்தோலியா நாட்டில் கிடைத்த களிமண் ஏடுகளின் இட்டைட்டு மொழியை 1915இல் செக்கு அறிஞர் ஹ்ரோஸ்னி இவ்வாறே படித்தார். ரொட்டியைக் குறிக்கும் சுமேரியக் குறி முன்பே அறியப்பட்டிருந்தது. அதனருகே நின்ற வினை உண்ணுதலாதல் வேண்டும் என்றும், அடுத்த தொடரிலுள்ள பெயர் நீராதல் வேண்டும் என்றும் அவர் உய்த்துணர்ந்தார். செங்கத்துக் கல்லைப் படிப்பார்க்கும் அவ்வழி ஏற்றதே.

இனி, ஆம்பூருக்கு வருவோம். இன்று தோலும் காலணியும் கொண்டு உலகறிந்த அவ்வூர், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள நடுகற்கள் இரண்டனை ஹூல்ச் என்பார் 'எபிகிராபியா இந்திகா' 4ஆம் தொகுதியில் பதிப்பித்தார். பல்லவன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டில் நுளம்பன் படை வந்து தொறுக் கொண்டதையும், அப்போரில் வீரர் பட்டதையும் அவை கூறுகின்றன. காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதி. அன்று ஆனிரை மிக்கிருந்தமையால்தான் இன்று தோல் தொழில் செழித்தது என்று சிலர் கூறக்கூடும். ஆயிரம் ஆண்டு இடைவெளியை அவ்வாறு முடிச்சிடுதல் ஆராய்ச்சி ஆகாது.

நுளம்பர் கன்னடத்தில் கல்வெட்டுப் பொறித்த மரபினர். கன்னட வீரக்கற்களும் ஆகோளைத் 'துறுகோள்' என்றே வழங்கும். அம்மொழியில் துறு என்பது ஆ. எனவே ஆம்பூரில் கவர வந்தோரும் காத்து மடிந்தோரும் ஒரு பொருளை ஏறத்தாழ ஒரே சொல்லால் அழைத்தனர் என்க. ஒகரத்துக்கு உகரம் நின்றமை கண்டு ஐயுற வேண்டுவதில்லை. பின்வரும் அசையில் இகர உகரங்கள் வரின் முன்னுள்ள எகர ஒகரங்களைக் கன்னடம் இகர உகரங்களாகத் திரிக்கும். நம் கெடு அங்குக் கிடு, கொடு, குடு, பொடி, புடி. அவ்வாறே தொறு, துறு. ஆகலின் தமிழ் வடிவே பழையது. ஒரு மொழி மற்றதனிடம் கடன் கொண்டது எனல் வேண்டா. பின்னாளில் கன்னடத்தில் றகரம் ரகரத்தோடு கலந்தமையின் இச்சொல் 'துரு' எனவும் எழுதப்பட்டது.

அக்கலப்பே தொரப்பாடியிலும் நிகழ்ந்தது என்பேம். பாடி என்பது ஆயர்பாடி என்புழிப் போல இடையர் குடியிருப்பு. தொறுப்பாடி என்பது பேச்சில் உகரம் அகரமாகத் தொறப்பாடி என நின்று, வல்லின இடையின வேறுபாடு மழுங்கியபின் தொரப்பாடி என எழுதப்பட்டிருத்தல் கூடும். பண்ணுருட்டியை அடுத்தும் இப்பெயருடைய ஊர் ஒன்று உண்மையின், இஃது ஓரிடத்துத் தனிவழக்கு அன்று. பெயர்ப்பலகையில் ரகரம் நிலைத்துவிட்டது. அதனை மாற்றுமாறு யாம் வேண்டவில்லை. ஊர்ப்பெயர் ஆராயும் மாணவர் தொரப்பாடி எனக் காணுமிடத்து அருகில் நடுகல் உளதா எனத் தேடிப் பார்ப்பாராக.